பேரிளம் பருவத்திற்கு அப்பால்

நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்துள்ளன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. உலா பாடிய புலவர்கள் இவ்வேழு பருவத்தாரையும் வீதியில் நிறுத்தி, பவனி வரும் தலைவனைக் காணச் செய்தனர். ஏழாம் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயதை எல்லையாகக் கூறுவது மரபு. அதற்கு மேல் பருவமும் இல்லை, பெயரும் இல்லை. காதலைப் பாட வந்த புலவர்களை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நாற்பதோடு முடிந்தது. பெண்ணின் வாழ்க்கையோ அங்கே முடிவதில்லை.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46 அல்லது 47 என ஆய்வுகள் கூறுகின்றன. மேலை நாடுகளில் அது 51. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டியுள்ளது. ஆகவே, மாதவிடாய் நின்ற பின் இருபத்தைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்வது இன்று பொது வழக்காகிவிட்டது. வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு என்று இதனைச் சொல்லலாம். இந்த நீண்ட காலத்தைப் பற்றி மருத்துவ இயல் என்ன கருதியது, எங்கே வழி தவறியது, எவ்வாறு தன்னைத் திருத்திக்கொண்டது என்பதையே இவ்வுரையில் ஆராய விரும்புகிறோம்.

தமிழகத்திற்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியமைத்து வாழும் நேயர்களுக்கு இவ்வரலாறு தனிப்பட்ட முறையில் பயன்படும் என எண்ணுகிறோம். சொந்த ஊரில் இருந்தால், அத்தையோ சித்தியோ மூத்த நாத்தனாரோ அடுப்படியில் தாழ்ந்த குரலில் சில செய்திகளைச் சொல்லி வைப்பார்கள். அவற்றுள் சில சரியாக இருக்கும், சில தவறாக இருக்கும். ஆயினும் பேச ஒருவர் இருப்பார். அயல் மாநிலத்தில் அந்தத் துணை அரிது. மருத்துவரிடம் சென்றாலோ, உடம்பின் நிலையை வேறொரு மொழியில் விளக்க வேண்டும். அம்மொழியில் காய்கறி விலை பேசக் கற்றவர்களும் இதைப் பேசக் கூசுவார்கள். வரலாறு அறிந்தவர்க்கு வினாக்கள் தாமே பிறக்கும். வினாக்கள் இருந்தால் மொழித் தடையும் பாதி குறையும்.

பண்டைய நூல்களிலிருந்து தொடங்குவோம். சுசுருத சங்கிதை, மாதவிடாய் பன்னிரண்டாம் வயதில் தொடங்கி ஐம்பதாம் வயதில், முதுமையால் உடல் கனிந்த நிலையில், நின்றுவிடும் எனக் குறிப்பிடுகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், பெரும்பாலோர்க்கு நாற்பது வயதளவில் நிற்கும் என்றும், சிலர்க்கு ஐம்பது வரை நீடிக்கும் என்றும் எழுதினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த எல்லை தெரிந்திருந்தது என்பது வியப்பிற்குரியது. இவ்விரு குறிப்புகளிலும் இம்மாற்றம் இயற்கை ஒழுங்கின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது. நோய் என்ற முத்திரை அதன்மீது விழவில்லை.

அம்முத்திரை விழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரெஞ்சு மருத்துவரான கார்தான் 1816-ஆம் ஆண்டில் இப்பருவத்தை எய்தும் பெண்களுக்கு அறிவுரையாக ஒரு நூல் எழுதினார். மாதம் என்பதற்கும் நிற்றல் என்பதற்கும் உரிய கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு ஒரு பெயர் அமைத்தார். 1821-ஆம் ஆண்டில் வந்த மறுபதிப்பில் அப்பெயரைச் செப்பம் செய்து நூலின் தலைப்பிலேயே பொறித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் 'மெனோபாஸ்' என்னும் சொல் இவ்வாறு பிறந்தது.

பெயர் கிடைத்தபின் தனி நூல்கள் தோன்றின. லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் 1857-ஆம் ஆண்டில் இப்பருவத்தின் நலமும் நோயும் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பெண்கள் தம்மிடம் கூறிய துன்பங்களை அவர் பொறுமையாகத் தொகுத்தார். திடீரென முகமும் கழுத்தும் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, மனச் சோர்வு முதலிய யாவும் அதில் உண்டு. ஆனால் சிகிச்சை அக்கால அறிவின் அளவிலேயே இருந்தது. மாதந்தோறும் வெளியேற வேண்டிய குருதி உள்ளே தேங்கித் துன்பம் செய்கிறது என்பது பழைய கொள்கை. ஆகவே குருதியை எடுத்தலும், அபினி முதலிய மயக்க மருந்துகளைத் தருதலும் சிகிச்சை எனக் கருதப்பட்டன. துன்பத்தைக் கேட்டறிந்த மருத்துவம், அதன் காரணத்தை இன்னும் அறியவில்லை.

இங்கே நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. அப்போது சேர்ந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். வழக்கறிஞராக இருந்த கணவருடன் சென்னையில் வாழ்ந்தவர் அவர். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மறுத்து உயிர் விடும் இந்தியப் பெண்களின் நிலையைக் கண்டே மருத்துவம் கற்க முற்பட்டார். பின்னர் லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, பெண்களுக்கெனச் சென்னையில் ஒரு மருத்துவமனை 1885-ஆம் ஆண்டில் தோன்றக் காரணமாயிருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் தாங்கி நிற்பது அதுவே. அவ்வம்மையார் 1915-ஆம் ஆண்டில், பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகக் கொண்டு ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அந்த ஏழும் நம் உலாக்களின் ஏழும் வேறு வேறு. ஆயினும் பெண்ணின் முழு ஆயுளையும் மருத்துவத்தின் பொருளாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணம், சென்னையில் பயின்ற ஒரு பெண் மருத்துவரிடம் வேரூன்றியிருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1889-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், முதியவரான பிரவுன் செக்கார் என்னும் அறிஞர் விலங்குகளின் விதைச் சாற்றைத் தம் உடலிலேயே ஊசி வழியே செலுத்திக்கொண்டு, இளமை மீண்டதாக அறிவித்தார். அவர் அறிவித்த பயன் மெய்யன்று. எனினும், உடலுறுப்புகள் ஏதோ ஒரு பொருளைக் குருதியில் கலக்கின்றன என்னும் கருத்து அதனால் பரவிற்று. 1896-ஆம் ஆண்டில் வியன்னாவில் குனாவர் என்பவர், சூலகம் நீக்கப்பட்ட முயல்களுக்கு மீண்டும் சூலகத் திசுவைப் பொருத்தினார். அவற்றின் கருப்பை சுருங்காமல் இருந்தது. நரம்புத் தொடர்பு இன்றியே சூலகம் தன் ஆற்றலைச் செலுத்துகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1905-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' எனப் பெயரிட்டார்.

அதன்பின் முன்னேற்றம் விரைவாயிற்று. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஆலன், டாய்சி என்னும் இருவர், சூலகத்திலிருந்து எடுத்த சாற்றின் வலிமையை எலிகளில் அளந்தறியும் முறையைக் கண்டனர். 1929-ஆம் ஆண்டில் டாய்சியும், ஜெர்மனியில் பூட்டனாண்ட்டும் தனித்தனியே அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். இதுவே ஈஸ்ட்ரஜன் குடும்பத்தில் முதலில் கைக்கு எட்டியது.

இப்போது மாதவிடாய் ஏன் நிற்கிறது என்பதை விளக்க முடிந்தது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் கருமுட்டைகள் யாவும் அமைந்துவிடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குறைகின்றன. இருப்பு அருகும்போது ஈஸ்ட்ரஜன் சுரப்பும் ஏறி இறங்கிப் பின் தாழ்ந்துவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் காக்கும் ஓரிடம் உண்டு. ஈஸ்ட்ரஜன் குறையவே, அவ்விடம் சிறு வெப்ப மாறுதலையும் பெரிதாக எண்ணி, தோலின் குருதிக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. குளிர்ந்த தில்லி இரவிலும் போர்வையை உதறி எழுந்து உட்காரும் பெண்ணின் துன்பத்திற்கு இதுவே காரணம். அது அவளுடைய கற்பனையும் அன்று, குணக்கேடும் அன்று.

1930-களில் கருவுற்ற குதிரைகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரஜன் மிகுதியாக உள்ளது எனக் கண்டனர். அதிலிருந்து எடுத்த 'பிரிமரின்' என்னும் மாத்திரை 1941-இல் கனடாவிலும் 1942-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இதற்கிடையில் 1938-ஆம் ஆண்டில் லண்டனில் டாட்ஸ் என்பவர், ஈஸ்ட்ரஜனைப் போலவே செயற்படும் ஒரு செயற்கைப் பொருளை மலிவாகச் செய்து காட்டினார். பின்னாளில் இது கருவுற்ற பெண்களுக்கும் தரப்பட்டது. அவ்வாறு தரப்பட்ட தாய்மாரின் பெண் மக்கள் சிலர்க்கு அரியதொரு புற்றுநோய் உண்டாவதை 1971-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் கண்டனர். ஹார்மோனை எண்ணிப் பாராமல் வழங்கியதற்குக் கிடைத்த கடுமையான எச்சரிக்கை அது.

நீண்ட கால நலம் பற்றிய அறிவும் இக்காலத்திலேயே முளைத்தது. பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், முதுகெலும்பு நொறுங்கித் துன்புற்ற நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுள் மாதவிடாய் நின்ற பெண்கள் மிகுதியாக இருத்தலைக் கண்டு, 1941-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். ஈஸ்ட்ரஜன் எலும்பைக் காக்கிறது, அது குறைந்த முதற் சில ஆண்டுகளில் எலும்பின் இழப்பு விரைவாகிறது என்பதை இன்று யாவரும் ஏற்கின்றனர். வெக்கையும் வியர்வையும் கண்ணுக்குத் தெரிவன. எலும்பு மெலிவதோ ஓசையின்றி நிகழ்வது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் நாளில்தான் அது தன்னை அறிவிக்கும்.

இவ்வாறு அறிவு வளர்ந்த இடத்தில் வாணிகமும் வந்து சேர்ந்தது. 1966-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், பெண்கள் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்ட ஒரு நூலை வெளியிட்டார். மாதவிடாய் நிற்றல் ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்ட்ரஜனை வாழ்நாள் முழுதும் உட்கொள்வதே அதற்கு மாற்று என்றும் அவர் வற்புறுத்தினார். மருந்து நிறுவனங்களின் பொருளுதவி அவர் பணிக்கு இருந்தது என்பது பின்னரே வெளிப்பட்டது. நூல் பரபரப்பாக விற்றது. இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரை உண்ணத் தொடங்கினர்.

பத்தாண்டுகள் முடியும் முன்பே விளைவு தெரிந்தது. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரு ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. ஈஸ்ட்ரஜனை மட்டும் உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு உயர்கிறது என அவை காட்டின. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜனுடன் புரோஜெஸ்டிரோன் வகையையும் சேர்த்துத் தந்தால் இவ்வாபத்து நீங்கும் என அறிந்து சிகிச்சை முறையை மாற்றினர். இவ்விதி இன்றும் மாறாதது.

அதே 1975-ஆம் ஆண்டில் நம் நாட்டைப் பற்றிய ஓர் ஆய்வும் வெளிவந்தது. மார்ச்சா ஃபிளிண்ட் என்னும் மானிடவியல் அறிஞர், இராஜஸ்தானத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் வாழ்ந்த 483 இராஜபுத்திரப் பெண்களைக் கண்டு பேசினார். மாதவிடாய் நின்றதைப் பற்றி அவர்கள் பெரும்பாலும் குறை கூறவில்லை. அதுவரை முக்காட்டிலும் அந்தப்புரத்திலும் அடங்கியிருந்தவர்கள், அதன்பின் ஆடவர் அமர்ந்து பேசும் முற்றத்திற்கு வரவும், உரையாடவும், சிரிக்கவும் உரிமை பெற்றனர். இம்மாற்றம் தண்டனையா, பரிசா என்னும் வினாவையே அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பாக இட்டார். இதிலிருந்து, துன்பம் யாவும் சமூகத்தின் படைப்பு என முடிவு கட்டுவது பிழையாகும். கேட்பவர் அயலாராயின் சொல்லாமல் விடுவனவும் பல இருக்கும். ஆயினும், பெண்ணுக்கு வீட்டிலும் ஊரிலும் கிடைக்கும் இடம் அவள் உடல் துன்பத்தைத் தாங்கும் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

அடுத்த பெரும் திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஹார்மோன் மருந்து இதய நோயையும் தடுக்கும் என்னும் நம்பிக்கை 1980-களில் பரவியது. நம்பிக்கை மட்டும் போதாது, சோதித்தறிய வேண்டும் என்று அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அந்நிலையத்தின் முதற் பெண் இயக்குநரான பெர்னடீன் ஹீலி 1991-ஆம் ஆண்டில் ஒரு மாபெரும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன் ஒரு பிரிவில், கருப்பை உள்ள 16,608 பெண்களுள் ஒரு பாதியினருக்கு இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தந்தனர். யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியாது.

2002-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், குறித்த காலத்திற்கு முன்பே அப்பிரிவு நிறுத்தப்பட்டது. பதினாயிரம் பெண்கள் ஓராண்டு மருந்துண்டால், போலி மாத்திரை உண்டவரைவிட மார்பகப் புற்றுநோய் எட்டுப் பேருக்கும், இதய நோய் ஏழு பேருக்கும், பக்கவாதம் எட்டுப் பேருக்கும், நுரையீரலில் இரத்தக் கட்டி எட்டுப் பேருக்கும் கூடுதலாக வந்தன. மறுபுறம், பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும் இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்கும் குறைந்தன. செய்தித்தாள்கள் முதற்பகுதியைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. உலகெங்கும் பெண்கள் அச்சமுற்று மாத்திரைகளை வீசினர். மருத்துவர்களும் எழுதித் தர அஞ்சினர்.

நேயர்கள் இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். பதினாயிரத்தில் எட்டு என்பது புறக்கணிக்கத்தக்க அளவன்று. எனினும் பேரச்சத்திற்குரிய அளவும் அன்று. இதனினும் முக்கியமானது வயது. அவ்வாய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அதாவது, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேலான பலருக்கு மருந்து புதிதாகத் தொடங்கப்பட்டது. ஐம்பது வயதில் வெக்கையால் உறக்கமிழந்து வரும் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது முறையாகாது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரஜனை மட்டும் உண்ட பெண்களைக் கொண்ட மற்றொரு பிரிவு, பக்கவாதம் சிறிது மிகுந்ததால் 2004-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மிகவில்லை. இப்பெண்களையெல்லாம் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, மருந்துண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வாறு, 1966-இல் யாவர்க்கும் வேண்டும் எனப்பட்ட மருந்து, 2002-இல் யாவர்க்கும் ஆகாது எனப்பட்டது. இரண்டும் பெண்களை ஒரே திரளாகக் கொண்ட தீர்ப்புகள். இரண்டாலும் இழப்பு நேர்ந்தது. முன்னதால் வேண்டாத பலர் நோயுற்றனர். பின்னதால் வேண்டிய பலர் நிவாரணம் இன்றி ஆண்டுக்கணக்கில் வருந்தினர். வெக்கையும் வியர்வையும் சில மாதங்களில் தணிந்துவிடும் எனக் கூறுவது வழக்கம். அமெரிக்கப் பெண்களை நெடுங்காலம் ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வோ, பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கு மேலும் நீடிக்கிறது எனக் காட்டிற்று.

நம் நாட்டின் நிலை இதனின் வேறு. இங்கே ஹார்மோன் மாத்திரையை விடப் பெரிய கேள்வி கருப்பையை அகற்றும் அறுவை. 2015-16-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, முதன்முறையாக இதைப் பற்றித் தனியே வினவியது. 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு மூவருக்கு மேற்பட்டவர் கருப்பை நீக்கம் செய்துகொண்டிருந்தனர். ஆந்திரத்தில் இது நூற்றுக்கு ஒன்பதை ஒட்டியிருந்தது. அறுவை செய்துகொண்டவர் பலர் நாற்பது வயதை எட்டாதவர். மிகுந்த இரத்தப் போக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி எனச் சென்றவர்களிடம், மருந்தால் தீரக்கூடியவற்றிற்கும், பிள்ளைப்பேறு முடிந்தபின் அந்த உறுப்பு எதற்கு என்று கூறி, அறுவையே வழி எனச் சில இடங்களில் சொல்லப்பட்டது.

2019-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டை உலுக்கின. அங்கிருந்து கரும்பு வெட்டக் குடும்பத்தோடு புலம்பெயரும் பெண் தொழிலாளர் பலர், இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தனர். ஒரு நாள் வேலைக்கு வராவிடில் கூலி போவதோடு தண்டமும் கட்ட வேண்டும். மாதவிடாய் நாட்களின் வலியும், தண்ணீரும் மறைப்பும் இல்லாத வயல்வெளித் தங்கலும் அவர்களை அம்முடிவிற்குத் தள்ளின. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. வேண்டாத அறுவைகளைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுச் செயற்படுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆணையிட்டது.

இதில் அறிய வேண்டிய மருத்துவ உண்மை ஒன்றுண்டு. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் வராது. ஆனால் சூலகங்கள் ஈஸ்ட்ரஜனைத் தொடர்ந்து சுரக்கும். ஆயினும் அவை இயல்பான காலத்திற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஓய்ந்துவிடக்கூடும். கருப்பையோடு இரு சூலகங்களையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் படிப்படியாக நிகழ வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நிகழ்கிறது. வெக்கை கடுமையாகும். எலும்பு மெலிவும் இதய நோயும் உரிய காலத்திற்கு முன்பே நெருங்கும். ஆகவே அறுவைக்கு இசையுமுன், வேறு வழி உண்டா, சூலகத்தை விட்டுவைக்க இயலுமா, மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறலாமா எனக் கேட்பது பெண்ணின் உரிமை. அறுவை முடிந்திருந்தால், எந்த உறுப்பு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் பெற்று வைத்திருத்தல் வேண்டும். ஊர் விட்டு ஊர் மாறி வாழ்பவர்களுக்கு இக்காகிதம் வீட்டுப் பத்திரத்திற்கு ஒப்பானது.

இன்றைய மருத்துவம் வந்தடைந்துள்ள நிலையைச் சுருங்கச் சொல்வோம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்வர். அறுபது வயதிற்கு உட்பட்டு, அல்லது நின்று பத்தாண்டு கடவாத நிலையில், துன்பம் மிகுந்திருந்து, தடை ஏதும் இல்லையாயின், ஹார்மோன் சிகிச்சையின் நன்மை பெரும்பாலும் தீமையை விஞ்சும் என்பது மருத்துவச் சங்கங்கள் பலவற்றின் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர், இரத்தம் உறையும் நோயுற்றவர், கல்லீரல் நோயாளர், காரணம் தெரியாத இரத்தப் போக்கு உடையவர் ஆகியோர்க்கு அது பொதுவாக ஆகாது. மாத்திரையைவிடத் தோலின் வழியே செல்லும் பூச்சும் ஒட்டும் பட்டையும் இரத்தம் உறையும் ஆபத்தைக் குறைப்பன. நாற்பது வயதிற்கு முன்பே நின்றுவிட்டவர்க்கு, தடை இல்லையாயின், இயல்பாக நிற்கும் வயது வரையேனும் ஹார்மோன் தருவது எலும்பையும் இதயத்தையும் காக்கும்.

ஹார்மோன் ஆகாதவர்க்கும் வழி பிறந்துள்ளது. மூளையின் வெப்பக் காப்பிடத்தில் உள்ள நரம்பணுக்களை ஆராய்ந்ததன் பயனாக, அவற்றையே அமைதிப்படுத்தும் ஹார்மோன் அல்லாத மருந்து ஒன்றுக்கு 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டே, அது அரிதாகக் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்னும் கடும் எச்சரிக்கையையும் சேர்க்கச் செய்தது. புதிய மருந்தையும் கண்காணிப்போடு கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

மருந்தைவிட முன்னதாகச் செய்யத்தக்கனவும் பல உண்டு. குருதி அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். ஏனெனில் தைராய்டுக் கோளாறும் இதே போன்ற துன்பங்களைத் தரும். நாள்தோறும் நடத்தலும், தசைக்கு வலிமை தரும் பயிற்சியும் எலும்பைக் காக்கும். சுண்ணாம்புச் சத்து உணவில் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் அது உள்ளது. எள்ளும் தயிரும் அதற்குத் துணை. அடுக்குமாடி வீட்டிற்குள்ளேயே பொழுதைக் கழிப்பவர்க்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறைவது இயல்பு. அதையும் மருத்துவர் சோதித்துத் தருவார். சிறுநீர்த் தாரையில் எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி ஆகியவற்றை வெட்கத்தால் மறைப்போர் பலர். அவற்றிற்கு அவ்விடத்தில் மட்டும் இடும் எளிய மருந்துகள் உள்ளன.

ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளிப்போடல் ஆகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். சிலரிடம் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. தொடக்கத்தில் கண்டால் குணமாகும் நோய் அது.

நம் நாட்டு மருத்துவர்கள் இத்துறைக்கென 1995-ஆம் ஆண்டில் இந்தியச் சங்கம் ஒன்றை நிறுவினர். ஆண்டுதோறும் அக்டோபர் 18-ஆம் நாள் இதற்குரிய உலக நாளாகக் கொள்ளப்படுகிறது. அயல் மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இறுதியாக ஒரு சிறு துணை தருகிறோம். நாம் மாதவிடாய் நிற்றல் என்பதை இந்தியிலும் மராத்தியிலும் 'ரஜோநிவிருத்தி' என்பர். இந்த ஒரு சொல்லோடு, கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, துன்பங்கள் எப்போது எவ்வளவு வருகின்றன என்னும் குறிப்பு, முன்னர் செய்த அறுவைகளின் காகிதம், தாய்க்கும் உடன்பிறந்த சகோதரிக்கும் இருந்த நோய்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், மருத்துவரின் பத்து நிமிடமும் பயனுடையதாகும். கணவன்மாரும் வளர்ந்த மக்களும் இவ்வுரையைக் கேட்டிருப்பின், அத்தாளை எழுத உடன் அமர்வது அவர்கள் கடமை. வீட்டில் ஒருவர் இதைப் பற்றி வாய் திறந்து பேசத் தொடங்கினால் மருத்துவரிடம் பேசுவது எளிதாகும் என்று கூறி இவ்வுரையை முடிக்கிறோம்.